நட்பு நாடு, சிக்கலான தலைவர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு சிறிய வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். படிவம் ஆறு மாணவர்கள், பல்கலைக்கழகப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று கலந்து வருவார்கள். 2025-இல் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் தலைமைப் பொறுப்பு மலேசியாவிடம் வந்ததிலிருந்து பேச்சு அடிக்கடி ஒரே இடத்துக்குத் திரும்புகிறது. ஒரு நாட்டை விட்டு விலகவும் முடியாது, அதன் தலைவரோடு ஒத்துப்போகவும் முடியாது என்றால் என்ன செய்வது? திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எதிரி நாட்டோடு பேசுவதுதானே கஷ்டம்? நண்பனோடு என்ன கஷ்டம்?

எதிரியிடம் எதிர்பார்ப்பே குறைவு. தூதரைக் கூப்பிட்டுக் கண்டிக்கலாம், திருப்பி அனுப்பலாம், எல்லையை மூடலாம். நட்பு நாட்டிடம் இந்த ஆயுதங்களை எடுத்தால் நம் கையும் சேர்ந்து வெட்டுப்படும். நம் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள், நம் சரக்கு அங்கே விற்கிறது, அவர்கள் ராணுவமும் நம் ராணுவமும் சேர்ந்து பயிற்சி எடுக்கின்றன. அந்த நாட்டுத் தலைவர் திடீரென்று மேடையில் நம்மைத் திட்டுகிறார், அல்லது நேற்று கொடுத்த வாக்கை இன்று மாற்றுகிறார். அவரிடம் கோபப்படவும் வேண்டும், நாளைக்கு அதே ஆளிடம் கையெழுத்தும் வாங்க வேண்டும். அதுதான் கஷ்டம்.

மலேசியாவுக்கு இதில் அனுபவம் உண்டா?

நிறைய உண்டு, அதுவும் இரண்டு பக்கத்திலிருந்தும். மகாதீர் முகமது 1981 முதல் 2003 வரை பிரதமராக இருந்தார். லண்டனிலும் கான்பெராவிலும் வாஷிங்டனிலும் இருந்த அதிகாரிகளுக்கு அந்தக் காலத்தில் சிக்கலான தலைவர் என்றால் நம் ஆள்தான்.

பதவிக்கு வந்த ஆண்டிலேயே அது ஆரம்பித்துவிட்டது. 1981 செப்டம்பரில் மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் பங்குகளை வாங்கிக் குவித்து, கத்ரி என்ற பிரிட்டிஷ் தோட்ட நிறுவனத்தைக் கைப்பற்றியது. நம் தாத்தா பாட்டிமார் மரம் சீவிய தோட்டங்களில் பல அந்தக் கத்ரிக்குச் சொந்தமானவை. லண்டன் சந்தை உடனே விதிகளை இறுக்கியது. வெளிநாட்டு மாணவர்களுக்கான கல்விக் கட்டணத்தை பிரிட்டன் அதற்கு முன்பே ஏற்றியிருந்தது. இரண்டும் சேர்ந்து, பிரிட்டிஷ் பொருளைக் கடைசியாகத்தான் வாங்குவோம் என்ற கொள்கையை மகாதீர் அறிவித்தார். 1983-இல்தான் அதை விலக்கிக்கொண்டார். இத்தனைக்கும் இரண்டும் காமன்வெல்த் நாடுகள், ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாட்டில் கூட்டாளிகள்.

கீட்டிங்–மகாதீர் சண்டை பற்றி அப்பா அடிக்கடி சொல்வார். என்னதான் நடந்தது?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் சொல்ல விரும்பும் விஷயம் முழுக்க இதில் இருக்கிறது.

கிழக்காசிய நாடுகள் மட்டும் சேர்ந்து ஒரு பொருளாதார அணி அமைக்க வேண்டும் என்று 1990 கடைசியில் மகாதீர் யோசனை சொன்னார். அமெரிக்காவுக்கு அதில் இடமில்லை, ஆஸ்திரேலியாவுக்கும் இல்லை. ஆஸ்திரேலியப் பிரதமர் பால் கீட்டிங்குக்கோ ஆசிய-பசிபிக் நாடுகளின் பொருளாதார அமைப்பான ஏபெக்கைத் தலைவர்கள் கூடும் மாநாடாக வளர்க்க வேண்டும் என்று ஆசை. 1993 நவம்பரில் சியாட்டிலில் அந்த முதல் மாநாடு நடந்தது. மகாதீர் போகவில்லை. அதைப் பற்றி நிருபர்கள் கேட்டபோது கீட்டிங், ஏபெக் நம் எல்லோரையும் விடப் பெரியது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், மகாதீரை அடங்காதவர்களின் வரிசையில் சேர்த்துவிட்டார்.

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. கோலாலம்பூரில் அமைச்சர்கள் கொதித்தார்கள். ஆஸ்திரேலிய வணிகத்தைக் குறைப்போம், உறவின் தரத்தைத் தாழ்த்துவோம் என்ற மிரட்டல் வாரக்கணக்கில் ஓடியது. கீட்டிங் முதலில் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு, புண்படுத்தும் எண்ணம் இல்லை என்று கடிதம் எழுதி வருத்தம் தெரிவித்தார். அது முழு மன்னிப்பு கிடையாது. ஆனாலும் டிசம்பரில் மகாதீர் அத்தோடு விட்டார்.

இப்போது பினாங்குப் பக்கம் பாருங்கள். செபராங் பிறையில் இருக்கிறது பட்டர்வொர்த் விமானத்தளம். 1950-களிலிருந்து அதை ஆஸ்திரேலிய விமானப்படை நடத்தி வந்தது, 1988-இல் மலேசியாவிடம் ஒப்படைத்தது. 1971-இல் மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்தும் செய்துகொண்ட பாதுகாப்பு ஏற்பாட்டின் கூட்டு வான்பாதுகாப்புத் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. அதன் தளபதி ஓர் ஆஸ்திரேலியர். ஆஸ்திரேலியக் காலாட்படைக் கம்பெனி ஒன்று 1970 முதல் சுழற்சி முறையில் அங்கே வந்து தங்கி, பயிற்சி எடுத்துத் திரும்புகிறது. 1993 சண்டையில் இந்த ஏற்பாடு முறியவில்லை. மேலே இரண்டு பிரதமர்கள் முறைத்துக்கொண்டிருந்தாலும், கீழே வேலை செய்கிற ஆட்கள் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

கீட்டிங் 1996 தேர்தலில் தோற்றார். மகாதீர் 2003-இல் விலகினார். 2005 டிசம்பரில் முதல் கிழக்காசிய உச்சநிலை மாநாடு நம் கோலாலம்பூரிலேயே கூடியது. அந்த மேசையில் ஆஸ்திரேலியாவும் உட்கார்ந்திருந்தது. மகாதீருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் அப்போது அவர் பதவியில் இல்லை. நாற்காலிக்கு ஆள் மாறுவார் என்ற நினைப்பு அதிகாரிகளிடம் இருந்ததால்தான் இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் வீணாகவில்லை. தலைவரோடு மனஸ்தாபம் என்றால் அது தலைவரோடு நிற்க வேண்டும். ராணுவம், மாணவர், வணிகம், தண்ணீர் என்று மற்ற வாசல்களை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டால், அவர் போன பிறகு திறப்பதற்கு வாசல் இருக்காது.

அப்படியென்றால் தலைவர்கள் என்ன பேசினாலும் நாட்டுக்கு ஒன்றும் ஆகாதா?

ஆகும். செம்பனை எண்ணெய் (பாமாயில்) விஷயத்தில் ஆனது.

2019 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் பேசிய மகாதீர் (2018 தேர்தலுக்குப் பிறகு அவர் மறுபடியும் பிரதமர்), இந்தியா காஷ்மீரைப் படையெடுத்துப் பிடித்து வைத்திருக்கிறது என்றார். டிசம்பரில் இந்தியாவின் குடியுரிமைச் சட்டத் திருத்தத்தையும் கண்டித்தார். அந்த ஆண்டு மலேசியச் செம்பனை எண்ணெயை மிக அதிகமாக வாங்கிய நாடு இந்தியா, சுமார் 44 லட்சம் டன்.

டெல்லி வாயால் பதில் சொன்னது குறைவு, செய்ததுதான் அதிகம். 2020 ஜனவரி 8-ஆம் தேதி, சுத்திகரித்த பாமாயில் இறக்குமதிக்கு இனி அனுமதி வாங்க வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. அதில் மலேசியாவின் பெயரே இல்லை. எந்த நாட்டையும் குறிவைக்கவில்லை என்று இந்திய அதிகாரிகள் சொன்னார்கள். ஆனால் இந்தியாவுக்குச் சுத்திகரித்த எண்ணெயைப் பெரிய அளவில் அனுப்பியது மலேசியா. இந்தோனேசியா பெரும்பாலும் கச்சா எண்ணெய் விற்கும். அறிவிப்பு யாரைத் தொடும் என்று இந்த வியாபாரத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நட்பு நாடு கோபத்தைக் காட்டும் விதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: உரத்த பேச்சு இருக்காது, ஒரு சுற்றறிக்கை இருக்கும், அடி சரியான இடத்தில் விழும்.

அதற்கு மகாதீர், பதிலடி கொடுக்கும் அளவுக்கு நாங்கள் பெரிய நாடு இல்லை என்றாராமே. அது சரணடைவது இல்லையா?

இல்லை என்பதுதான் என் கருத்து. அந்த ஜனவரியில் அவர் இரண்டு விஷயம் சொன்னார். தவறு என்று பட்டதைப் பணம் போகிறதே என்பதற்காகச் சொல்லாமல் இருக்க மாட்டேன் என்றது ஒன்று. பதிலடி கொடுக்க மாட்டோம், வேறு வழி பார்ப்போம் என்றது இன்னொன்று. இரண்டும் சேர்ந்ததுதான் ஒரு சிறிய நாட்டின் நிலை. காஷ்மீர் பேச்சை அந்த மேடையில் அந்த வார்த்தைகளில் பேசியிருக்க வேண்டுமா என்பதில் எங்கள் வட்டத்திலேயே ஒற்றுமை இல்லை. எனக்கு அந்த வார்த்தைகள் தேவையற்றவை. ஆனால் பேசிய பிறகு வர்த்தகப் போரில் இறங்காமல் இருந்தது புத்திசாலித்தனம்.

பின்னணியில் நடந்த வேலையைக் கவனியுங்கள். மூலத் தொழில் அமைச்சராக இருந்த தெரேசா கோக், இந்தியாவிடமிருந்து சர்க்கரையும் எருமை இறைச்சியும் கூடுதலாக வாங்கலாம் என்று 2019 அக்டோபரிலேயே சொல்லிவிட்டார். ஜனவரியில் மலேசியச் சர்க்கரை நிறுவனம் ஒன்று 1,30,000 டன் இந்தியக் கச்சாச் சர்க்கரைக்கு ஒப்பந்தம் போட்டது. பிப்ரவரியில் மகாதீர் பதவி விலகினார். மே மாதம் மலேசியா ஒரு லட்சம் டன் இந்திய அரிசி வாங்க ஒப்பந்தம் செய்தது, இந்திய வணிகர்கள் மறுபடியும் மலேசியக் கச்சாச் செம்பனை எண்ணெய் வாங்கத் தொடங்கினார்கள். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. 2024 ஆகஸ்டில் பிரதமர் அன்வார் இப்ராகிம் டெல்லிக்குப் போனபோது இரண்டு நாடுகளும் உறவின் தரத்தை விரிவான வியூகப் பங்காளித்துவம் என்ற அளவுக்கு உயர்த்தின.

வெளிப்படையாகக் கண்டிப்பதா, தனியாகப் பேசுவதா?

விஷயத்தைப் பொறுத்தது. முதலில் தனியாகப் பேசு என்பது நல்ல வழக்கம். ஆனால் தனியாகப் பேசுகிறோம் என்று சொல்லிக்கொண்டு ஒன்றுமே பேசாமல் இருப்பவர்களும் உண்டு.

1998 நவம்பரில் ஏபெக் மாநாட்டுக்காகக் கோலாலம்பூர் வந்த அமெரிக்கத் துணை அதிபர் அல் கோர், மகாதீர் அமர்ந்திருந்த விருந்திலேயே 'ரிபோர்மாசி' (சீர்திருத்தம்) போராட்டக்காரர்களைத் துணிச்சல்காரர்கள் என்று பாராட்டிவிட்டு, சாப்பிடாமலே கிளம்பிப் போனார். துணைப் பிரதமர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட அன்வார் அப்போது சிறையில் இருந்தார். நாடு பேச வேண்டியது அவருடைய வழக்கைப் பற்றி. மறுநாள் பேசியது அமெரிக்கக்காரரின் மரியாதையைப் பற்றி. சிறையில் இருப்பவரின் பெயரை வெளியிலிருந்து உரக்கச் சொல்வது அவருக்கு உயிர்நாடி, அதை நான் குறை சொல்ல மாட்டேன். விருந்து கொடுப்பவரை அவர் வீட்டிலேயே சிறுமைப்படுத்துவது வேறு. அதில் பேச்சு திசை மாறிவிடுகிறது.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் மலேசிய இந்தியர்களின் உரிமைக்காக 2007 நவம்பர் 25-இல் நடந்த இண்ட்ராப் இயக்கத்தின் பேரணி. கண்ணீர்ப்புகை அடித்துக் கூட்டத்தைக் கலைத்த படங்கள் தமிழ்நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. அப்போதைய முதல்வர் கருணாநிதி, பிரதமர் மன்மோகன் சிங்குக்குக் கவலை தெரிவித்துக் கடிதம் எழுதினார். மலேசிய அமைச்சர் நஸ்ரி அசிஸ், இது மலேசியா, தமிழ்நாடு கிடையாது, அவர் தன் ஊரைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று பதில் கொடுத்தார். கடிதம் வந்தபோது நம்மில் பலருக்கு மனம் நெகிழ்ந்தது உண்மை. ஆனால் அதற்கப்புறம் சில நாட்கள் தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களைப் பற்றியும் உடைக்கப்பட்ட கோயில்களைப் பற்றியும் பேச்சு குறைந்து, வெளியார் தலையீடு பற்றிய பேச்சு ஓங்கியது. அரசாங்கத்தை உண்மையில் உலுக்கியது 2008 மார்ச் 8 தேர்தல். ஆளும் கூட்டணியான பாரிசான் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையை இழந்தது, பினாங்கும் கைவிட்டுப் போனது. அது இங்கே இருக்கிறவர்கள் போட்ட ஓட்டு.

இரண்டு தலைவர்களும் போனை எடுத்துப் பேசித் தீர்த்துக்கொண்டால் என்ன?

தாய்லாந்தின் அப்போதைய பிரதமர் பேதோங்தான் ஷினவாத்ரா அப்படித்தான் நினைத்தார்.

அவருடைய அப்பா, முன்னாள் பிரதமர் தக்சினும் கம்போடியாவின் ஹுன் சென்னும் பல்லாண்டு நண்பர்கள். 2025 மே 28-ஆம் தேதி எல்லையில் நடந்த மோதலில் கம்போடிய வீரர் ஒருவர் இறந்தார். பதற்றம் ஏறியது. ஜூன் 15-ஆம் தேதி பிரதமர் பேதோங்தான் ஹுன் சென்னோடு போனில் பேசினார். ஹுன் சென் அப்போது பிரதமரும் இல்லை, மகன் ஹுன் மானெட்தான் பிரதமர். ஹுன் சென் செனட் தலைவர். பேதோங்தான் அவரை மாமா என்று அழைத்தார், என்ன வேண்டுமோ சொல்லுங்கள் பார்த்துக்கொள்கிறேன் என்ற தோரணையில் பேசினார், எல்லைப் பகுதியின் தாய்லாந்துத் தளபதி எதிரணி ஆள் என்றும் சொல்லிவிட்டார். மொழிபெயர்த்தவர் கம்போடியத் தரப்பு ஆள். ஹுன் சென் உரையாடலைப் பதிவு செய்து, ஏறக்குறைய 80 பேருக்கு அனுப்பியதாக அவரே சொன்னார். சில நாளில் பதிவு வெளியே கசிந்தது. பிறகு 17 நிமிட முழு உரையாடலையும் அவரே வெளியிட்டார். கூட்டணியிலிருந்து பெரிய கட்சி ஒன்று விலகியது. ஜூலை 1-ஆம் தேதி அரசமைப்பு நீதிமன்றம் பேதோங்தானை இடைநிறுத்தியது, ஆகஸ்ட் 29-இல் பதவியைப் பறித்தது. இதற்கிடையே ஜூலை 24-இல் எல்லையில் பீரங்கிகளே வெடித்தன.

தலைவர்கள் போனில் பேசுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பேச வேண்டிய குறிப்புகள் முன்கூட்டியே தயாராக வேண்டும். நம் பக்கத்திலும் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். குறிப்பெடுக்க ஓர் அதிகாரி உடன் இருக்க வேண்டும். பேசி முடித்த அன்றே சாரத்தை எழுதி வெளியுறவு அமைச்சிலும் பாதுகாப்பு அமைச்சிலும் சேர்க்க வேண்டும். குடும்ப நட்பு என்று நம்பி இவற்றை விட்டுவிடுவது ஆபத்து. உறவுமுறை சொல்லி அழைப்பது நம் ஊரிலும் மரியாதைதான், அதில் தப்பில்லை. நம் நாட்டுத் தளபதியை அடுத்த நாட்டுக்காரரிடம் குறை சொன்னதுதான் தப்பு. மறுமுனையில் இருப்பவர் இதைப் பதிவு செய்கிறார் என்று நினைத்துக்கொண்டே பேச வேண்டும்.

அந்தச் சண்டையை நிறுத்தியது நம் நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயாதானே?

ஆசியான் தலைவர் என்ற முறையில் அன்வார் ஜூலை 28 அன்று இரண்டு தரப்பையும் புத்ராஜெயாவில் உட்கார வைத்தார். அன்று நள்ளிரவிலிருந்து போர்நிறுத்தம் அமலுக்கு வந்தது. அக்டோபர் 26-ஆம் தேதி கோலாலம்பூரில், அதிபர் டிரம்ப் முன்னிலையில் கூட்டறிக்கையில் கையெழுத்தானது. நவம்பரில் கண்ணிவெடியில் வீரர்கள் காயமடைந்ததும் தாய்லாந்து அதை நிறுத்தி வைத்தது, டிசம்பரில் மறுபடி சண்டை மூண்டது. கையெழுத்துக்குப் பிறகு எல்லையில் போய் நிற்கிற பார்வையாளர்கள், அவர்களிடம் நேராகப் பேசுகிற வட்டாரத் தளபதிகள், இவர்கள் இல்லாமல் தாள் மட்டும் போதாது.

புகழ்ந்து பேசி, கேட்டதைக் கொடுத்து, தாஜா பண்ணினால் காரியம் நடக்காதா?

புகழ்ச்சிக்குச் செலவு குறைவு. அதே அக்டோபரில் டிரம்ப் வந்து இறங்கியபோது அன்வார் விமானநிலையத்துக்கே போனார், கலைஞர்கள் ஆடினார்கள், டிரம்பும் சேர்ந்து ஆடினார், பிறகு இருவரும் ஒரே காரில் போனார்கள். சிலர் கேலி செய்தார்கள். வரவேற்பு வரவேற்பாக இருந்தால் அதில் கேவலம் ஒன்றும் இல்லை. கவனிக்க வேண்டியது அன்று கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தை. மலேசியப் பொருளுக்கு 24 சதவிகிதம் என்று ஏப்ரலிலும் 25 என்று ஜூலையிலும் மிரட்டிய வரி, அந்த ஆண்டு 19-இல் நின்றது. சில பொருள்களுக்கு விலக்கும் கிடைத்தது. ஆனால் பாதுகாப்புக் காரணம் சொல்லி அமெரிக்கா இன்னொரு நாட்டின் மீது வர்த்தக நடவடிக்கை எடுத்தால் மலேசியாவும் அதற்கு ஒத்துப்போக வேண்டியிருக்குமோ என்ற கேள்வி உடனே எழுந்தது. ஷரத்து ஷரத்தாகப் படித்துக் கேட்டவர்கள் தேவையான வேலையைச் செய்தார்கள்.

கேட்டதைக் கொடுத்துச் சரிக்கட்டுவது வேறு கதை. பிரிட்டன் அதைச் செய்து பார்த்தது. 1988-இல் ஆயுத விற்பனையையும் கிளந்தானில் பெர்காவ் அணைக்கட்டுக்கான உதவியையும் ஒரே முடிச்சில் போட்டார்கள். உதவி 23 கோடியே 40 லட்சம் பவுண்டு. 1994-இல் பிரிட்டிஷ் பத்திரிகைகள் கிளறியதும், கோபத்தில் மகாதீர் பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கு அரசுக் குத்தகைகள் கிடையாது என்று அறிவித்தார், செப்டம்பரில்தான் தளர்த்தினார். நவம்பரில் அந்த உதவியே சட்டவிரோதம் என்று லண்டன் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உறவைச் சரிசெய்யச் செய்த ரகசிய ஏற்பாடே அடுத்த சண்டைக்குக் காரணமாகிவிட்டது.

சிங்கப்பூரோடு இத்தனை உரசல், தண்ணீர் மட்டும் எப்படி நிற்காமல் போகிறது?

எழுத்தில் இருப்பதால். 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ளலாம். விலை 1,000 கேலனுக்கு 3 சென், காலம் 2061 வரை. 1997-இல் ஜொகூரின் குற்றநிலை பற்றி சிங்கப்பூரின் முன்னாள் பிரதமர் லீ குவான் இயூ நீதிமன்ற வாக்குமூலத்தில் எழுதியது வெளியானபோது இங்கே பெரிய கொந்தளிப்பு. அவர் நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகும் மலேசிய அமைச்சரவை கொஞ்ச காலம் புதிய தொடர்புகளை நிறுத்தி வைத்தது. தண்ணீரை நிறுத்தவில்லை. 3 சென் நியாயமான விலையா என்ற மலேசியாவின் கேள்வி நியாயமானதே, ஆனால் அதைக் கோபத்தில் தீர்க்க முடியாது.

எவ்வளவு காலம் பொறுப்பது? ஒதுக்கி வைக்கவே கூடாதா?

ஒதுக்கலாம். 2021 ஏப்ரலில் ஜகார்த்தாவில், வன்முறையை நிறுத்துவது உள்ளிட்ட ஆசியானின் ஐந்து அம்ச இணக்கத்துக்கு மியான்மார் ராணுவத் தலைவர் மின் ஆங் லைங் தலையாட்டினார், ஊருக்குப் போய் ஒன்றையும் செய்யவில்லை. அக்டோபரில் ஆசியான் அவரை உச்சநிலை மாநாட்டுக்கு அழைக்கவில்லை. அவருடைய நாற்காலியைத்தான் எடுத்தது, மியான்மாரின் உறுப்பியத்தை எடுக்கவில்லை. 2025 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு அன்வார் அவரை பாங்காக்கில் சந்தித்து நிவாரணம் பற்றிப் பேசினார். அந்தச் சந்திப்பைக் குறை சொன்னவர்கள் பலர். இடிபாட்டில் கிடப்பவர்களுக்கு மருந்து போக அவருடைய அனுமதி வேண்டியிருந்தது, அதனால் நான் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். அதே சந்திப்பை அவருக்கு அங்கீகாரமாக மாற்ற விட்டால் அது தப்பு.

டெல்லியும் புத்ராஜெயாவும் முறைத்துக்கொண்டால் நாம் எந்தப் பக்கம்?

இந்தக் கேள்வியை நம் பிள்ளைகளிடம் மற்றவர்கள் கேட்கும்போது எனக்குக் கோபம் வரும். நாம் மலேசியர்கள். பாட்டி ஊர் தஞ்சாவூர் என்பதற்காக இந்திய அரசின் ஒவ்வொரு முடிவுக்கும் நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. மலேசியப் பிரதமர் சொன்னது தவறென்று பட்டால் அதை இங்கே குடிமகனாகச் சொல்ல நமக்கு முழு உரிமையும் உண்டு. நம்மில் பலருக்கு அங்கே உறவு, படிப்பு, யாத்திரை, வியாபாரம் எல்லாம் இருக்கிறது. 2020-இல் எண்ணெய்த் தகராறு நடந்தபோது இரண்டு பக்கத்து வணிகர்களோடும் பேசத் தெரிந்தவர்களின் அருமை தெரிந்தது.

எனக்கு இந்த வேலைக்கே போக ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

பட்டம் முடித்ததும் பொதுச் சேவை ஆணையம் வழியாக நிர்வாக, அரசதந்திர அதிகாரி பதவிக்கு விண்ணப்பிக்க வேண்டும். எல்லோரும் பி.டி.டி. என்று சொல்வது அதைத்தான். எழுத்துத் தேர்வு, குழு மதிப்பீடு, நேர்காணல் என்று கட்டம் கட்டமாகப் போகும். மலாயில் நன்றாக எழுத வராவிட்டால் நேரத்தை முதலில் அதற்குக் கொடுங்கள். வெளியுறவுப் பணிக்குப் போகிறவர்களுக்குக் கோலாலம்பூரில் ஜாலான் விஸ்மா புத்ராவில் அரசதந்திரப் பயிற்சிக் கழகம் இருக்கிறது. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அதோடு தாய்லாந்து மொழியோ பர்மிய மொழியோ கெமர் மொழியோ ஒன்றைப் படித்து வைத்திருந்தால், அடுத்த முறை எல்லைப் பிரச்சினையில் போன் அடிக்கும்போது நம் பக்கத்து மொழிபெயர்ப்பாளராக உட்காரத் தகுதி இருக்கும். ஞாயிறு வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பழைய கேள்வித்தாள்கள் வேண்டுமென்றால் கேளுங்கள், எடுத்து வைத்திருக்கிறேன்.